தனிக்கணினியின் கதை – 14: சுழலாத வட்டு

1984-இல் இரண்டு ஃப்ளாப்பி டிரைவ் கொண்ட ஐபிஎம் பிசி-யில் ஒரு பெரிய புரோகிராமை முடித்துவிட்டு வெளியே வந்தால், பல நேரம் வேலை அங்கேயே நின்றுவிடும். கமாண்ட்.காம் என்ற ஃபைல் இருக்கும் ஃப்ளாப்பியை ஏ டிரைவில் போட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லித் திரையில் ஒரு வரி வரும். நாம் கொடுக்கும் கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்வது அந்தக் கமாண்ட்.காம்தான். அதன் ஒரு பகுதியை, பிசி-யின் இயங்குதளமான டாஸ், மெமரியின் மேல்முனையில் வைத்திருக்கும். இடம் போதாத புரோகிராம் அதன்மேல் எழுதிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் டாஸ் அதை ஃப்ளாப்பியிலிருந்து திரும்பப் படித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. அந்த நேரத்தில் ஏ டிரைவில் வேறு ஃப்ளாப்பி இருந்தால், உரியதைத் தேடியெடுத்துப் போடும்வரை இயந்திரம் காத்திருக்கும்.

சரியான ஃப்ளாப்பியே உள்ளே இருந்தாலும் காத்திருப்பு தீராது. ஃப்ளாப்பி டிரைவின் மோட்டார் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. கடைசியாகப் படித்து இரண்டு நொடி ஆனதும் நின்றுவிடும். மறுபடி ஏதாவது வேண்டுமென்றால் மோட்டார் கிளம்பி வேகம் பிடிக்க வேண்டும், படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும், அதன்பின் வேண்டிய பகுதி சுழன்று முனைக்கு அடியில் வர வேண்டும். வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5 சுற்று. டாஸ் 2.0 காலத்து ஃப்ளாப்பியில் ஒரு தடத்துக்கு 9 பகுதிகள், பகுதிக்கு 512 பைட். ஒரு நொடிப்பொழுதும் வீணாகாமல் படித்தால்கூட நொடிக்கு 23,000 பைட்டுக்கு மேல் தேறாது. நடைமுறையில் அதில் பாதி வந்தாலே நல்ல வேகம்.

அதே இயந்திரத்தின் 8088 பிராசசர், 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், மெமரியில் ஓரிடத்தில் இருக்கும் பைட்டை இன்னோரிடத்துக்கு நகர்த்த 17 துடிப்புகள் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 2,80,000 பைட். மோட்டார் கிளம்பவும் வேண்டாம், முனை நகரவும் வேண்டாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவருக்கும் ஒரு யோசனை எழுந்திருக்கும்: ஃபைல்களை மெமரியிலேயே வைத்துக்கொண்டால் என்ன?

இப்படி மெமரியையே ஒரு வட்டாகப் பயன்படுத்துவதுதான் ராம் டிஸ்க். வேகத்துக்கான ஆசைதான் அதைப் பிறப்பித்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பாதி உண்மை. அதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து பார்த்தால் வேறொரு காரணமும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. என் கணிப்பில் அதுதான் முதன்மையான காரணம். பிராசசரின் கைக்கு எட்டாத மெமரியை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் ராம் டிஸ்க்.

ஐபிஎம் பிசி வருவதற்கு முந்தைய 8080, இசட்80 பிராசசர்களின் முகவரிக் கம்பிகள் 16. அதனால் 64 கிலோபைட்டுக்கு மேல் ஒரு பைட்டைக்கூட அவற்றால் சுட்ட முடியாது. 1970-களின் முடிவில் மெமரி சிப்புகள் மலிவாகத் தொடங்கியதும் 64 கிலோபைட்டுக்கு மேலும் மெமரி வைப்பது சாத்தியமானது. வைத்தாலும் பிராசசருக்குத் தெரிய வேண்டுமே. அதற்குக் கண்ட வழிதான் மெமரியைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒரே முகவரியில் மாற்றி மாற்றிக் காட்டுவது. நாடக மேடையில் ஒரே இடத்தில் அரண்மனைப் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா என்று அடுத்தடுத்து இறக்குவார்களே, அதுபோல. மேடை அதே 64 கிலோபைட்தான், எந்த நேரத்திலும் ஒரு படுதாதான் கண்ணுக்குத் தெரியும்.

இப்படிக் கிடைத்த கூடுதல் மெமரியைப் பயன்படுத்த வேண்டுமானால், எந்தப் படுதா இறங்கியிருக்கிறது என்பதைப் புரோகிராம் ஒவ்வொரு நொடியும் நினைவில் வைத்துக்கொண்டே ஓட வேண்டும். அன்று கடைகளில் விற்ற புரோகிராம்கள் எதுவும் அப்படி எழுதப்படவில்லை. ஆனால் எல்லாப் புரோகிராமுக்கும் டிரைவில் எழுதவும் டிரைவிலிருந்து படிக்கவும் தெரியும். பிரிட்டனில் ஜெரி கார்லின் 1979–80-இல் எழுதிய சிலிக்கான் டிஸ்க் சிஸ்டம் பற்றிக்கொண்டது இந்த இடத்தைத்தான். 1980-இல் சிபி/எம் இயங்குதளத்துக்காக விற்பனைக்கு வந்த அது, மாற்றி மாற்றிக் காட்டப்படும் மெமரியை ஒரு டிஸ்க் டிரைவாக வேடம் போடவைத்தது. புரோகிராம் வழக்கம்போல் டிரைவில் எழுதுவதாக நினைத்து எழுதும். அடியில் இருக்கும் சிறு மென்பொருள் படுதாவை மாற்றி, பைட்டுகளை நகர்த்தி, மறுபடி பழைய படுதாவை இறக்கிவிடும். புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அதுவரை பயனற்றுக் கிடந்த மெமரி, சிபி/எம்முக்காக அதுவரை எழுதப்பட்ட புரோகிராம்களுக்கெல்லாம் ஒரே நாளில் பயன்படத் தொடங்கியது. மென்பொருள் வரலாற்றின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாக இதை நான் வைப்பேன்.

எட்டு பிட் கணினிகள் பல அடுத்தடுத்து இதே வழிக்கு வந்தன. 128 கிலோபைட் உள்ள ஆப்பிள் 2-இல் புரோடாஸ் இயங்குதளம் ஏறினால், கூடுதல் 64 கிலோபைட்டை அதுவே ஒரு ராம் டிஸ்க்காக மாற்றிவைத்துவிடும். கேட்க வேண்டியதுகூட இல்லை. 1985-இல் வந்த அட்டாரி 130எக்ஸ்இ-யில் அட்டாரியின் சொந்த டாஸ் 2.5 இதே வேலையைச் செய்தது.

ஐபிஎம் பிசி-யின் கதை வேறு. 1981 ஆகஸ்டில் வெளிவந்த அந்த இயந்திரத்தின் பிராசசரால் ஒரு மெகாபைட்டை நேரடியாகச் சுட்ட முடியும். அதில் 640 கிலோபைட் புரோகிராம்களுக்கு. அடிப்படை மாடலில் இருந்ததோ வெறும் 16 கிலோபைட். மீதி இடம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பும் அட்டைகளை விற்றே பெரிதானவை பல கம்பெனிகள். அவற்றில் முன்னால் நின்றது கலிஃபோர்னியாவின் ஏஎஸ்டி ரிசர்ச். கராச்சியில் பிறந்த சஃபி குரேஷி, ஆல்பர்ட் வாங், தாமஸ் யூன் என்ற மூன்று பொறியாளர்கள் 1980-இல் தொடங்கிய கம்பெனி அது.

அவர்களுடைய சிக்ஸ்பேக் பிளஸ் அட்டை அன்றைய பிசி உரிமையாளர்கள் பலருக்கும் கனவுப்பொருள். பிசி-க்குள் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதியும் நேரமும் கேட்கும். இந்த அட்டையில் பேட்டரியோடு கடிகாரம் இருந்தது. பிரிண்டருக்கு ஓர் இணைப்பு, மோடத்துக்கு ஓர் இணைப்பு, கூடவே 384 கிலோபைட் வரை மெமரி. அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் கறுப்புச் சிப்புகள்தான் வரிசைகட்டி நிற்கும். ஒரு வரிசையில் 9 சிப், மொத்தம் 6 வரிசை, ஆக 54 சிப். ஒரு பைட்டுக்கு 8 பிட் போதுமே, 9 எதற்கு என்று கேட்கலாம். ஒன்பதாவது சிப் மற்ற எட்டையும் கண்காணிக்கும் காவலாள். எங்காவது ஒரு பிட் புரண்டால் அதைக் கண்டுபிடித்து இயந்திரத்தை அப்படியே நிறுத்திவிடும். குறைந்த மெமரியோடு அட்டையை வாங்கி, பின்னால் கையில் பணம் சேரும்போது ஒன்பது ஒன்பதாகச் சிப் வாங்கிப் பொருத்தியவர்கள் நிறைய. சிப்பின் ஒரு முனையில் இருக்கும் வெட்டு சரியான பக்கம் பார்க்க வேண்டும், 16 கால்களும் வளையாமல் துளைக்குள் இறங்க வேண்டும். பிறகு தாய்ப்பலகையில் உள்ள குட்டிச் சுவிட்சுகளை நகர்த்தி எவ்வளவு மெமரி என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும்.

தாய்ப்பலகையில் 256, அட்டையில் 384 என்று 640-ஐ எட்டியவர் முன் ஒரு கேள்வி நின்றது. இவ்வளவு மெமரியைப் பயன்படுத்தும் புரோகிராம் எங்கே? அன்றைய புரோகிராம்களில் பல, 64 கிலோபைட் சிபி/எம் உலகத்திலிருந்து பெயர்ந்து வந்தவை. இருக்கும் மெமரியைக் கண்டுகொள்ளத் தெரியாமல் பழைய பழக்கத்திலேயே ஃப்ளாப்பியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. இங்கே பிராசசருக்கு மெமரி எட்டியது, புரோகிராமுக்குத்தான் எட்டவில்லை. ஏஎஸ்டி தன் அட்டையோடு சூப்பர்டிரைவ் என்ற ராம் டிஸ்க் மென்பொருளையும் சேர்த்தே கொடுத்தது இதனால்தான். மெமரி விற்கிறவர்கள் மெமரிக்கு ஒரு வேலையும் காட்ட வேண்டியிருந்தது.

1983 மார்ச்சில் வந்த டாஸ் 2.0 இதற்கு ஒரு முறையான கதவைத் திறந்துவிட்டது. கான்ஃபிக்.சிஸ் என்ற ஃபைலில் ஒரு வரி எழுதினால் போதும், வெளியார் எழுதிய டிரைவர் மென்பொருளை டாஸ் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அப்படிச் சேரும் ராம் டிஸ்க் டிரைவர் செய்யும் வேலையை உள்ளே போய்ப் பார்க்கலாம். கிளம்பும்போதே மெமரியில் ஒரு பகுதியைத் தனக்கென்று வளைத்துக்கொள்ளும். அதன் தொடக்கத்தில், உண்மையான ஃப்ளாப்பியை ஃபார்மேட் செய்தால் என்னென்ன எழுதப்படுமோ அத்தனையையும் எழுதிவைக்கும்: வட்டின் அளவைச் சொல்லும் முதல் பகுதி, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற ஒதுக்கீட்டு அட்டவணை, காலியான ஒரு ஃபைல் பட்டியல். பிறகு டாஸ் வந்து 57-ஆவது பகுதியைக் கொடு என்று கேட்டால், 57-ஐப் பகுதியின் அளவால் பெருக்கி, தொடக்க முகவரியைக் கூட்டி, அங்கே இருப்பதை எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான். சுழற்சியும் தடமும் இல்லாத இடத்தில் வட்டின் கணக்குவழக்கு முழுவதும் ஒன்று விடாமல் நடந்துகொண்டிருக்கும்.

இதனால் அதிகம் பயனடைந்தவர்கள் வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியை வைத்திருந்தவர்கள். வேர்ட்ஸ்டாரின் முழு உடம்பும் ஒரே நேரத்தில் மெமரிக்குள் வராது. அறிவிப்புகள் ஒரு ஃபைலில், அதிகம் தேவைப்படாத வேலைகளுக்கான கட்டளைகள் இன்னொரு ஃபைலில் என்று பிரித்து வைத்திருந்தார்கள். தேவைப்படும்போது அந்தத் துண்டை ஃப்ளாப்பியிலிருந்து எடுத்துவரும். எழுதும் கட்டுரை நீண்டால் அதன் முன்பகுதியும் தற்காலிக ஃபைலாக ஃப்ளாப்பிக்குப் போய்விடும். கன்ட்ரோல் கே, எஸ் தட்டிச் சேமித்தால் டிரைவின் சிவப்பு விளக்கு எரியும், மோட்டார் உறுமும், கை விசைப்பலகைமேல் சும்மா இருக்கும். கட்டுரையின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போக வேண்டுமென்றாலும் இதே கதைதான். வேர்ட்ஸ்டாரையும் கட்டுரையையும் ராம் டிஸ்க்கில் போட்டுவிட்டால் இந்தக் காத்திருப்பு முழுக்க மறைந்துவிடும். திரையில் கட்டளைப் பட்டியல் கேட்டவுடன் வந்து நிற்கும். சத்தமும் இருக்காது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இன்னும் பெரிய லாபம். மைக்ரோசாஃப்டின் பாஸ்கல் கம்பைலர் ஒரே ஓட்டத்தில் வேலையை முடிப்பதில்லை. முதல் கட்டம் எழுதிவைத்த இடைநிலை ஃபைலை இரண்டாம் கட்டம் படிக்கும், அது எழுதியதை லிங்கர் படிக்கும். இடையில் ஃப்ளாப்பி மாற்றுவதும் உண்டு. ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். இடைநிலை ஃபைல்கள் போகும் இடத்தை ராம் டிஸ்க்குக்கு மாற்றியதே பெரிய மாற்றமாக இருந்தது. 1983 நவம்பரில் 49.95 டாலருக்கு வந்த டர்போ பாஸ்கல் இந்த நோயை வேரோடு பிடுங்கியது. எடிட்டர், கம்பைலர், எழுதிய புரோகிராம் எல்லாம் மெமரிக்குள்ளேயே இருக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். ராம் டிஸ்க் வெளியிலிருந்து செய்ததை டர்போ பாஸ்கல் உள்ளிருந்தே செய்தது.

லோட்டஸ் 1-2-3-க்கு ராம் டிஸ்க்கால் நன்மை குறைவு, தொல்லை அதிகம். அது கணக்குத்தாள் முழுவதையும் மெமரியில் வைத்து வேலை செய்யும் புரோகிராம். ராம் டிஸ்க் வளைத்துக்கொண்ட ஒவ்வொரு கிலோபைட்டும் கணக்குத்தாளின் அளவைக் குறைத்தது. மேலும் அது நகலெடுக்க முடியாதபடி பூட்டு போட்டு விற்கப்பட்டது. அசல் ஃப்ளாப்பி ஏ டிரைவில் இருந்தால்தான் கிளம்பும். யாருக்கு எவ்வளவு ராம் டிஸ்க் என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது என்பதால், கான்ஃபிக்.சிஸ்ஸில் அந்த எண்ணை மாற்றி மாற்றி எழுதுவதே அன்றைய பயனாளர்களின் பெரும் பொழுதுபோக்காக இருந்தது.

1984 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி ஏடி-யையும் டாஸ் 3.0-வையும் வெளியிட்டபோது விடிஸ்க் என்ற ராம் டிஸ்க்கை டாஸோடு சேர்த்தே கொடுத்தது. அளவு எதுவும் சொல்லாவிட்டால் 64 கிலோபைட் எடுத்துக்கொள்ளும். இப்போது கமாண்ட்.காம் தொல்லைக்கும் வழி பிறந்தது. இயந்திரம் கிளம்பும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் இரண்டு வரி எழுதினால் போதும். ஒன்று கமாண்ட்.காமை ராம் டிஸ்க்குக்கு நகலெடுக்கும், மற்றொன்று இனி அதை அங்கே தேடு என்று டாஸுக்குச் சொல்லும். அதன்பின் ஏ டிரைவில் எந்த ஃப்ளாப்பி இருந்தாலும் கவலை இல்லை.

ஆனால் விடிஸ்க்கின் உண்மையான வேலை வேறிடத்தில் இருந்தது. ஏடி-யின் 80286 பிராசசருக்கு 16 மெகாபைட் வரை கைநீளம். டாஸோ பழைய 8088-க்காக எழுதப்பட்டது, ஒரு மெகாபைட்டுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. விலை கொடுத்து வாங்கிய மெமரி மறுபடி எட்டாக்கனியாகிவிட்டது. சிபி/எம் காலத்து விடையே மறுபடி வந்தது: அதை டிஸ்க் ஆக்கு. டாஸின் சொந்தப் பகுதிகளில் ஒரு மெகாபைட்டுக்கு மேலே கை நீட்டிய முதல் பகுதி விடிஸ்க்தான்.

கை நீட்டிய விதம்தான் இந்த அத்தியாயத்திலேயே என்னை மிகவும் வியக்கவைப்பது. 80286-க்கு இரண்டு முறைகள். டாஸ் ஓடும் பழைய முறையிலிருந்து, மேல் மெமரியை எட்டும் பாதுகாப்பு முறைக்குப் போவது எளிது. திரும்பி வர வழியே வைக்கவில்லை. போனவர்கள் அங்கேயே இருந்துவிடுவார்கள் என்று இன்டெல் நினைத்தது. டாஸோ ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தாக வேண்டும். ஐபிஎம் பொறியாளர்கள் கண்ட வழி, பிராசசரையே ரீசெட் செய்வது! ஏடி-யில் விசைப்பலகையைக் கவனிக்க 8042 என்று ஒரு சிறு சிப் இருந்தது. அதன் ஒரு கம்பியைப் பிராசசரின் ரீசெட் காலோடு இணைத்திருந்தார்கள். விடிஸ்க் ஒரு பகுதியைப் படிக்க வேண்டுமென்றால், பயாஸ் என்ற இயந்திரத்தின் அடிப்படை மென்பொருளைக் கூப்பிடும். பயாஸ் பாதுகாப்பு முறைக்குப் போய்ப் பைட்டுகளை நகர்த்தும். பேட்டரியில் ஓடும் மெமரியில் ஒரு குறிப்பு எழுதிவைக்கும். பிறகு விசைப்பலகைச் சிப்பிடம் சொல்லிப் பிராசசரை ரீசெட் செய்துவிடும். பிராசசர் புதிதாகப் பிறந்ததுபோல் விழித்து, முதல் வேலையாக அந்தக் குறிப்பைப் பார்க்கும். இது காலையில் போட்ட சுவிட்ச் இல்லை, பாதியில் விட்ட வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பும். ஒரு ஃபைலைப் படித்து முடிப்பதற்குள் இந்த மறுபிறவி பல தடவை நடந்துவிடும். அப்படியும் ஃப்ளாப்பியைவிட வேகம் அதிகம்தான்.

இந்த இடைவேளையில் பிராசசருக்கு வெளியுலகம் தெரியாது. மோடம் வழியாக எழுத்துகள் வந்துகொண்டிருந்தால் சில தவறிப்போகலாம். ஒரே மூச்சில் எத்தனை பகுதிகளை நகர்த்தலாம் என்று விடிஸ்க்குக்கு 1 முதல் 8 வரை ஓர் எண்ணால் சொல்லும் வசதியை ஐபிஎம் பின்னால் வைத்தது அதனால்தான்.

ஏடி வாங்க முடியாதவர்களுக்கு 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து வேறு ஏற்பாடு செய்தன. ஒரு மெகாபைட்டுக்குள் 64 கிலோபைட் இடம் ஒதுக்கி, அதில் 16 கிலோபைட் துண்டுகளாக மெமரியை மாற்றி மாற்றிக் காட்டும் எக்ஸ்பாண்டட் மெமரி அது. லோட்டஸ் 1-2-3 அதை நேரடியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொள்ளாத புரோகிராம்களுக்கு அங்கேயும் ராம் டிஸ்க்தான் கதி. 1986-இல் எம்எஸ்-டாஸ் 3.2-வோடு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ராம்டிரைவ் அவர்களுக்கும் கைகொடுத்தது.

இந்த ஆண்டுகளில் மெமரி விலை படுத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியக் கம்பெனிகளின் உற்பத்திப் பெருக்கத்தில் 1985-இல் டிராம் என்ற மெமரிச் சிப்புகளின் சந்தை சரிந்தது. டிராம் விற்றே வளர்ந்த இன்டெல் அந்த ஆண்டுதான் அந்தத் தொழிலை விட்டு வெளியேறியது. அமெரிக்காவும் ஜப்பானும் 1986-இல் சிப் விலைபற்றி ஒப்பந்தம் போடும் அளவுக்கு அது அரசியலானது.

அந்தச் சரிவின் நடுவே, 1985 செப்டம்பரில், பிரிட்டனில் ஆலன் சுகரின் ஆம்ஸ்ட்ராட் கம்பெனி பிசிடபிள்யூ 8256-ஐ வெளியிட்டது. வரி நீங்கலாக 399 பவுண்டு. அந்த விலைக்குள் பச்சைத் திரை, விசைப்பலகை, டிரைவ், பிரிண்டர், லோகோஸ்கிரிப்ட் என்ற எழுத்துச் செயலி எல்லாம் அடக்கம். தட்டச்சுப் பொறியை மட்டுமே அறிந்த எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பாதிரியார்கள், சங்கச் செயலாளர்கள் அதை வாங்கினார்கள். உள்ளே 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80, அதே 64 கிலோபைட் கைநீளம். ஆனால் மெமரி 256 கிலோபைட். மீந்ததை என்ன செய்வது என்பதற்கு விடை தெரிந்ததுதான். 112 கிலோபைட் அளவில் எம் டிரைவ் என்ற ராம் டிஸ்க், அட்டை வாங்காமல், டிரைவர் சேர்க்காமல், பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்ததும் ஏ டிரைவுக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்து வந்த 512 கிலோபைட் மாடலில் அது 368 கிலோபைட்டாக வளர்ந்தது.

செலவைச் சுருக்கச் சுகரின் ஆட்கள் எதைத்தான் விட்டுவைத்தார்கள்! இயந்திரத்தைக் கிளப்பும் புரோகிராமுக்கென்று தனியாக ஒரு நிரந்தர மெமரிச் சிப்பே கிடையாது. பிரிண்டரைக் கவனிக்கும் சிப்பின் மூலையில் 256 பைட்டில் அதை ஒளித்துவைத்திருந்தார்கள். டிரைவும் ஒன்றே ஒன்றுதான். அதில் போகும் 3 அங்குல வட்டில் ஒரு பக்கத்துக்கு 180 கிலோபைட், மறுபக்கம் வேண்டுமென்றால் கையால் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். இப்படி ஒற்றை டிரைவோடு ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு ஃபைலை எப்படி நகலெடுப்பது? முதல் வட்டிலிருந்து எம் டிரைவுக்கு, வட்டை மாற்றி, எம் டிரைவிலிருந்து இரண்டாவது வட்டுக்கு. இரண்டாவது டிரைவின் வேலையை ராம் டிஸ்க் செய்ததால்தான் அந்த விலை சாத்தியமானது என்று சொன்னால் மிகையில்லை.

பிசிடபிள்யூ-வோடு வந்த சிபி/எம் பிளஸ்ஸில் வேலை செய்தவர்கள் புரொஃபைல் என்ற ஃபைலில் சில வரிகள் எழுதிவைத்தார்கள். இயந்திரம் கிளம்பியதும் பேசிக் மொழியும் அடிக்கடி வேண்டிய கருவிகளும் எம் டிரைவில் போய் உட்கார்ந்துவிடும். எந்தப் புரோகிராமையும் முதலில் எம் டிரைவில் தேடு என்று இன்னொரு வரி. காலையில் அரை நிமிடம் காத்திருந்தால் நாள் முழுவதும் வேகம்.

எம் டிரைவில் இருந்த ஃபைலும் ஏ டிரைவில் இருந்த ஃபைலும் லோகோஸ்கிரிப்ட் திரையில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் ஒரே மாதிரிதான் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு ஸ்விட்சை அணைத்தால் மட்டும் தெரியும். கணினியே புதிதான ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்து எழுதிய அத்தியாயத்தை எம் டிரைவில் சேமித்துவிட்டு, சேமித்தாயிற்று என்ற நிம்மதியோடு ஸ்விட்சை அணைத்தால், மறுநாள் காலையில் அது இருக்காது. சிப்புக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். சில மில்லிநொடிக்கு ஒரு தடவை படித்துத் திரும்ப எழுதிப் புதுப்பித்தால்தான் நிலைக்கும். மின்சாரம் நின்ற மறுகணம் புதுப்பிப்பார் இல்லை. சேமிப்பது என்றால் காப்பாற்றுவது என்று நம்பியவர்களுக்கு அந்த இழப்பு கொடுமையானது. இரண்டு டிரைவுகளையும் ஒரே முகத்தோடு காட்டியது வடிவமைப்பின் குறை என்றே சொல்வேன். ஓர் எச்சரிக்கை நிறமோ குறியோ வைத்திருக்கலாம்.

அமிகா இதற்கு நேர்மாறான உலகம். 1985-இல் வந்த அந்த இயந்திரத்தின் 68000 பிராசசருக்கு எட்டாத மெமரி என்று ஒன்று இல்லை. அதனால் அதன் ராம் டிஸ்க்குக்கு நிலையான அளவும் இல்லை. ஃபைல் வைத்தால் வளரும், அழித்தால் சுருங்கி மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அங்கே வேகத்துக்காக மட்டுமே ராம் டிஸ்க். ஆனால் அமிகா அடிக்கடி முடங்கும், ரீசெட் செய்ய வேண்டிவரும். ரீசெட்டில் மெமரியின் மின்சாரம் போவதில்லை, உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கிறது, இயங்குதளம்தான் அதை மறந்துவிடுகிறது என்பதை ஏஎஸ்டிஜி கம்பெனியின் பெரி கிவலோவிட்ஸ் பயன்படுத்திக்கொண்டார். ரீசெட்டுக்குப் பிறகும் ஃபைல்களோடு மீண்டு வரும் ராம் டிஸ்க் ஒன்றை எழுதினார். 1988-இல் அமிகாவைத் தயாரித்த கமோடோரே அதன் இயங்குதளத்தின் 1.3 பதிப்பில் அதே குணமுள்ள ராட் டிரைவைச் சேர்த்தது. முடங்கிய அமிகாவை அதிலிருந்தே மறுபடி கிளப்பவும் முடிந்தது.

ராம் டிஸ்க்கின் இடத்தைப் பிடித்தது ஹார்ட் டிஸ்க் மட்டும் இல்லை. டிஸ்க் கேஷ் என்ற அதன் தம்பியும்தான். ராம் டிஸ்க்கில் எந்த ஃபைல் மெமரியில் இருக்க வேண்டும் என்பதை மனிதர் தீர்மானிக்க வேண்டும்: காலையில் ஏற்றி, மாலையில் இறக்கி, இறக்க மறந்தால் இழந்து. கேஷ் அதைத் தானே கவனித்துக்கொண்டது. அடிக்கடி படிக்கப்படும் பகுதிகளை மெமரியில் வைத்துக்கொள்ளும், அசல் எப்போதும் டிஸ்க்கில் இருக்கும். ஸ்மார்ட்டிரைவ் என்ற கேஷ் பரவலானபின் ராம்டிரைவ் வரியைக் கான்ஃபிக்.சிஸ்ஸிலிருந்து பலரும் நீக்கினார்கள். ஆனால் 1993-இல் எம்எஸ்-டாஸ் 6 வந்தபோது ஸ்மார்ட்டிரைவ் எழுத வேண்டியதையும் சற்று நேரம் மெமரியில் வைத்திருந்து பிறகு எழுதியது. வேலை முடிந்தது என்று திரை சொன்னதும் ஸ்விட்சை அணைத்தவர்கள், பிசிடபிள்யூ எழுத்தாளர்களைப் போலவே ஃபைல்களை இழந்தார்கள். 6.2 பதிப்பில், மெமரியில் நிற்பதை எல்லாம் எழுதி முடித்த பிறகே அடுத்த கட்டளைக்கு இடம்கொடுக்கும்படி அதைத் திருத்தினார்கள்.

ராம்டிரைவ் அதோடு ஓய்ந்துவிடவில்லை. விண்டோஸ் 98-ஐ நிறுவ உதவிய அவசர ஃப்ளாப்பியைப் பயன்படுத்தியவர்கள் இன்றும் நிறையப் பேர் இருப்பார்கள். கெட்டுப்போன இயந்திரத்தைச் சரிசெய்யத் தேவையான கருவிகள் எல்லாம் 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் அடங்காது. அவற்றைச் சுருக்கி ஒரே ஃபைலாக்கி அதில் வைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கையும் நம்ப முடியாத நேரம் அது. ஆகவே ஃப்ளாப்பி கிளம்பியதும் முதலில் மெமரியில் 2 மெகாபைட் ராம் டிஸ்க் ஒன்றை உருவாக்கி, கருவிகளை அங்கே விரித்துவைக்கும். அந்த ராம் டிஸ்க் ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வதால், வழக்கமாக டி என்று இருக்கும் சிடி டிரைவ் ஈ ஆகிவிடும். விண்டோஸ் சிடியைப் போட்டுவிட்டு டி டிரைவில் தேடி, ஒன்றும் இல்லையே என்று திகைத்தவர்கள் அன்று பார்த்தது 1984-இன் விடிஸ்க்கின் வாரிசைத்தான்.

(தொடரும்)